தரையில் கிடந்த கட்டு

அக்டோபர் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை விடிகாலையில், நீரேற்று நிலையத்துக்குப் பின்புறமுள்ள மூலிகைத் தோட்டத்திலிருந்து ஒரு சாக்கு பிரிஞ்சி இலை பொது மருத்துவமனையின் சமையலறைக்குப் போனது.

அனுப்பியவள் அந்த வீட்டின் இளைய மருமகள். அண்ணன் தம்பி இருவரும் அவரவர் மனைவியோடு சேர்ந்து நடத்தும் தோட்டம் அது. முன்பாத்திகளில் புதினா, துளசி, கற்பூரவல்லி. நடுவில் ரோஸ்மேரியும் லாவெண்டரும். பின்னால் இரண்டு வரிசை பிரிஞ்சி மரங்கள். எல்லாவற்றையும் சுற்றி, சாலைப் புழுதி உள்ளே வராமல் தடுக்க, ஆள் உயரத்துக்கு அரளி வேலி. செடிகளைப் பார்ப்பது மூத்தவர். வாங்குபவர்களிடம் பேசுவது அவர் மனைவி, மூத்த மருமகள். வேன் ஓட்டுவது தம்பி. வெட்டி வந்ததை உலர்த்தி, இலையை உருவி, சாக்கில் கட்டுவது தம்பி மனைவியான இளையவளின் வேலை.

உலர்த்தும் அறைக்குத் தகரக் கூரை. பக்கச் சுவர்களில் காற்று புகுந்து வர நீள நீளமாகப் பலகை இடைவெளிகள். மேலே குறுக்குக் கம்பிகள், கம்பிகளில் கொக்கிகள், கொக்கிகளில் தலைகீழாகக் கட்டுகள். அந்த அறைக்கு மூத்தவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஒருமுறை ஈரத்தரையில் இரவெல்லாம் கிடந்த ஒரே ஒரு புதினாக் கட்டிலிருந்து பூஞ்சை கிளம்பி, அறையில் இருந்த சரக்கு முழுவதும் குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த சட்டம்.

"கட்டுன்னா கொக்கியில. தரையில கிடக்க உரிமை செருப்புக்கு மட்டும்தான்" என்பாள்.

யார் கண்ணில் பட்டாலும், தரையில் கிடக்கும் கட்டை எடுத்து அருகில் காலியாக இருக்கும் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். யாருடையது, எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. அந்த வீட்டில் எல்லோருடைய கையும் அதற்குப் பழகிவிட்டது.

இளையவளுக்கும் ஒரு சட்டம் இருந்தது. உருவிய இலையைச் சாக்கில் போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கசக்கி மோந்து பார்ப்பாள். எந்தப் பாத்தி, எப்போது வெட்டியது, மழையில் நனைந்ததா என்பதை மூக்கே சொல்லிவிடும். மூத்தவர் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர் வைத்திருந்தார். வாங்குபவர்களிடமும் அதுவே பரவிவிட்டது. மூக்கம்மா கட்டின சாக்கு என்றால் பிரித்துப் பார்க்காமலே வாங்கிக்கொள்வார்கள்.

அன்று முற்பகல் அவள் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கட்டுகளை இறக்கும்போது கயிற்றை அவிழ்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினால் கட்டு கையோடு வரும். கயிற்றின் வளையம் கொக்கியிலேயே நிற்கும். மறுநாள் சாவகாசமாக வளையங்களை எடுத்துச் சேர்த்து வைப்பாள். பிரிஞ்சி வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். எல்லாம் வெள்ளைப் பருத்திக் கயிறு. கடைசிக்கு முந்தைய கொக்கியில் தொங்கியது நீல நைலான்.

அவள் தோட்டத்தில் நீல நைலானைப் பார்த்ததே இல்லை. கையில் எடுத்தாள். வளையத்தின் முடிச்சில் ஒரு சிறு குச்சி சிக்கியிருந்தது. குச்சியில் ஒரே கணுவிலிருந்து மூன்று இலைக்காம்புகள் கிளம்பிய தடம். பிரிஞ்சியில் ஒரு கணுவுக்கு ஓர் இலைதான் வரும்.

வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள். மூத்தவர் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், வேலி வெட்டினீங்களே, அந்தக் கிளையெல்லாம் எங்க?"

"அது போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியே குப்பை வண்டியில போயிடுச்சே. ஏன்?"

"அதுவரைக்கும் எங்க வச்சிருந்தீங்க?"

"உன் ரூம் மூலையிலதான். எரிச்சா புகையே விஷம். வெளிய போட்டா ஆடு மாடு வாய் வைக்கும். மழை வேற. அதான் கட்டி உள்ள போட்டேன். தம்பிகிட்ட சொன்னேனே."

"எதால கட்டினீங்க?"

"நீலக் கயித்தால. வேணும்னேதான் அதுல கட்டினேன், நம்ம சரக்கோட கலந்துடக் கூடாதுன்னு." பெருமையாகவே சொன்னார். பிறகு அவள் கையைப் பார்த்தார். கையிலிருந்த களைக்கொத்தி மெல்லத் தாழ்ந்தது.

சலித்த இலைகளில் உடைந்தவை சல்லடைக்கு அடியில் வைத்த முறத்தில் மிஞ்சியிருந்தன. இளையவள் அவற்றைத் தரையில் கொட்டி, மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர்கள் வளர்ப்பது ஒடுங்கிய இலை ரகம். காய்ந்து சுருண்டால் அரளி இலையோடு வைத்துப் பார்த்தாலும் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பிரிஞ்சியில் பக்க நரம்புகள் எட்ட எட்ட நின்று, வளைந்து ஓரத்துக்குப் போகும். இதில் நடு நரம்பின் இரு பக்கமும் சீப்பின் பல்லைப்போல நெருக்கமாக, நேராக ஓடின.

கசக்கி மூக்கருகே கொண்டுபோனாள். பிரிஞ்சி வாசம் அடித்தது.

இரண்டு வாரம் பிரிஞ்சிக் கட்டுகளுக்கு நடுவில் தொங்கிய இலை. உருவிய கையிலும் பிரிஞ்சி எண்ணெய். நேற்று மாலை மின்சாரம் போய்விட்டு வந்துகொண்டிருந்தது. அவள் மருத்துவமனையில் மாமனாரைப் பார்த்துவிட்டு வந்து, இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக உருவினாள். ஒரு பிடி எடுத்து மோந்தும் பார்த்தாள். மூக்கு சரி என்றது.

"அக்கா! இங்க வாங்க. சீக்கிரம்."

"அடுப்புல பால் இருக்கு. என்ன, பாம்பா?" மூத்தவளின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"பாம்பா இருந்தா தேவலை."

மூத்தவள் புடவையில் கை துடைத்தபடி வந்தாள். நீல வளையத்தைப் பார்த்தாள். தரையில் தனியாக வைத்திருந்த இலைத் துண்டைப் பார்த்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். காலிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு கட்டு வாசல் பக்கமா உருண்டு வந்து கிடந்துச்சு. நான்தான் எடுத்து மாட்டினேன். வெள்ளைக் கயிறு தீர்ந்துபோச்சு போல, அதான் நீலத்துல கட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

அந்தச் சாக்கு யாருக்குப் போயிருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கு உப்பில்லாத சாப்பாடு. உப்பில்லாத குறை தெரியாமல் இருக்கத்தான் அந்தச் சமையலறை இவர்களிடம் இலை வாங்குகிறது. நாள்தோறும் மதியம், முதலில் இறங்குவது இதயப் பிரிவுக்கான சூப். அரளி கொதித்தாலும் காய்ந்தாலும் விஷம் போகாது. அது போய்த் தாக்குவதும் இதயத்தைத்தான். அந்தப் பிரிவில், கதவோரத்திலிருந்து நான்காவது கட்டிலில், நெஞ்சுவலியோடு சேர்க்கப்பட்ட மருமகள்கள் இருவரின் மாமனார் படுத்திருந்தார்.

இளையவள் போனை எடுத்தாள். சமையலறை எண் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த போன் பண்டக அறையில் இருக்கிறது. காற்றாடிகளின் இரைச்சலில் வெடி வெடித்தாலும் அடுப்பருகே கேட்காது. பொது எண்ணுக்குப் போட்டாள். ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, உள் எண் தெரிந்தால் அழுத்தச் சொல்லி, பிறகு இசையை வைத்தது.

"யாராவது எடுத்தா என்னடி சொல்லப் போற?" மூத்தவள் எழுந்து வந்தாள்.

"உள்ளதை."

"உள்ளதைன்னா? விஷம் அனுப்பிட்டோம்னா? அப்புறம் இந்த ஊர்ல ஒரு கொத்து புதினா விக்க முடியுமா நம்மளால?"

"அக்கா, இப்ப அதப் பேசற நேரமா?"

"நேரம்தான். கேளு. மணி பதினொண்ணுகூட ஆகல. வேன்ல போனா சாப்பாட்டுக்கு முன்னாடி போயிடலாம். போன மாசத்துச் சாக்கு ஒண்ணு நல்லதா இருக்கு. அதக் குடுத்துட்டு இத வாங்கிட்டு வந்துடு. வண்டு வச்சிருச்சுன்னு சொல்லு. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. மாமாவுக்கு நான் போன் பண்ணி, இன்னைக்கு ஆஸ்பத்திரி சாப்பாடு வேணாம்னு சொல்லிடறேன்."

"மாமாவுக்குச் சொல்வீங்க. பக்கத்துக் கட்டில்காரருக்கு?"

"அதுக்குள்ளதான் நீ போயிடுவியே!"

"போகலைன்னா?"

மூத்தவள் திரும்பினாள். உள்ளே போய்ச் சாக்கைத் தூக்கி வந்து வேனின் பின்பக்கம் வைத்தாள். அடுப்பில் பால் பொங்கிக் கருகும் வாசம் வந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

இளையவளின் கணவன் வேனைப் பெரிய சாலைக்கு ஏற்றினான். அவள் காதில் மருத்துவமனையின் இசை ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் வணக்கம், மறுபடியும் இசை.

"அண்ணன் எங்கிட்ட சொன்னான். ரூம் மூலையில அரளி இருக்கு, வீட்ல சொல்லிடுன்னு. அன்னைக்குத்தான் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சு. எல்லாம் மறந்துபோச்சு" என்றான்.

"ரோட்டப் பாருங்க."

"நான் சொல்லியிருந்தா..."

"ரோட்டப் பாருங்கன்னு சொன்னேன்."

பாலத்தில் ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பள்ளிப் பேருந்து குறுக்கே நின்று, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் உறுமிக்கொண்டிருந்தது. அவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முன்னால் நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "எழுந்து பறந்துதான் போகணும், றெக்கை இருந்தா எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றார். இளையவள் இலைத் துண்டை இன்னும் விரல்களுக்கு நடுவில் வைத்திருந்தாள். தூளாகிவிடுமோ என்ற பயத்தில் அதை அழுத்தவும் இல்லை, விடவும் இல்லை.

மருத்துவமனையின் சரக்கு வாசலை ஆக்சிஜன் உருளை ஏற்றிய லாரி அடைத்துக்கொண்டிருந்தது. அவள் வேன் நின்றதும் இறங்கி, பின்பக்கத்திலிருந்து சாக்கை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தாள்.

"ஏம்மா, காலையிலதானே உங்க வண்டி வந்துச்சு?" காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். "இப்ப என்ன, மறு வீடா?"

"சாக்கு மாத்தணும், அண்ணே."

"எழுதிட்டுப் போ."

"வரும்போது எழுதறேன்."

அவர் கூப்பிட்டது கேட்காததுபோல ஓடினாள். உண்மையை மறைத்ததால்தான் உள்ளே வர முடிந்தது என்பதை ஓடும்போதே நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் மேலாளர், மேலாளருக்கு மேலாளர் என்று நிறுத்தி வைத்திருப்பார்கள். மூத்தவள் சொன்னதில் பாதி சரிதான்.

சமையலறை ஆவியில் மூழ்கியிருந்தது. தலைமைச் சமையல்காரரை எல்லோரும் கரண்டியார் என்றே கூப்பிடுவார்கள். கையில் கரண்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் தலைமாட்டில் வைத்துக்கொள்வார் என்று ஒரு பேச்சு. அவர் கரண்டியை உயர்த்தி வரவேற்றார்.

"யாரு, மூக்கம்மாவா? நேர்லயே தரிசனம்!"

"சாக்கு மாத்த வந்தேன். வண்டு இருக்கு போல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க சாக்குலயா? வண்டுக்குத்தான் எவ்வளவு தைரியம்! அதோ அலமாரியில இருக்கு, எடுத்துக்கோங்க. நல்லதை வச்சுட்டுப் போங்க."

சாக்கு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. வாய் கட்டியே இருந்தது. கொண்டுவந்ததைக் கீழே வைத்துவிட்டு, அதை எட்டி இறக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பின்கதவு திறந்திருந்தது. லாரி நகர்ந்துவிட்டது. வேனும் அதில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கணவனும் தெரிந்தார்கள். இருபது அடி எடுத்து வைத்தால் எல்லாம் முடிந்தது. வீட்டுக்குப் போய் இதைக் குழி தோண்டிப் புதைக்கலாம். வண்டு என்பார்கள், இரண்டு நாள் சிரிப்பார்கள், மறந்துவிடுவார்கள்.

கதவருகே போனபோதுதான் சாக்கின் வாய் அவள் கண்ணில் பட்டது. அவள் கட்டினால் இரண்டு சுற்று, கயிற்றின் நுனியை உள்ளே சொருகிவிடுவாள். இதில் ஷூ லேஸ் போல ஒரு பூ முடிச்சு இருந்தது.

அப்படியே நின்றாள். சாக்கைக் கையால் தூக்கிப் பார்த்தாள். எடை குறைந்ததுபோல இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. வெளியே கணவன் கையசைத்துக் கூப்பிட்டான். அவள் திரும்பினாள்.

"இத யார் பிரிச்சது?"

"என்னம்மா?" காற்றாடி இரைச்சலில் கரண்டியார் காதருகே கையைக் குவித்தார்.

"சாக்கை! யார் பிரிச்சது?"

"நான்தான். பழசு தீர்ந்துபோச்சு. காலையில ரெண்டு கை அள்ளிப் போட்டேன். ஏன், வண்டு அதுலயும் இருந்திருக்குமோ? வெந்திருக்கும் விடுங்க, அதுவும் சத்துதான்."

"எந்தப் பானை?"

"உப்பில்லாததுதான். பாதி மேல போயிடுச்சு, மீதி அதோ." அவர் அடுப்பைக் காட்டினார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்னம்மா?"

"வண்டு இல்ல. அதுல அரளி இலை கலந்திருக்கு. அண்ணே, யாருக்கும் குடுக்காதீங்க. நான்தான் கட்டினேன். என் தப்பு. அரளி."

அவர் அடுப்பை அணைத்தார். "எல்லாரும் கையை எடுங்கடா! ஒருத்தனும் அந்தப் பானையத் தொடக் கூடாது!" என்று கத்தினார். காற்றாடியை மீறிக் கேட்டது அந்தக் குரல்.

"நீங்க ருசி பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்க்காம அனுப்புவேனா? உப்பு போட்டதுன்னா ஒரு தடவை பார்த்தா போதும். உப்பு போடாததை நாலு தடவை பார்க்கணும்." அப்போதுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. கரண்டியை மேடைமேல் வைத்தார். வெறுங்கையோடு உள் போனை எடுத்து இதயப் பிரிவின் எண்ணை அழுத்தினார். "பேசிட்டிருக்காங்க. லைன் கிடைக்கல. நீ ஓடு. லிஃப்டுக்கு நிக்காத, படியில ஓடு. நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

அவள் ஓடினாள். சாக்கைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. படிக்கட்டில் இறங்கி வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். செருப்பு ஒன்று முதல் மாடித் திருப்பத்தில் கழன்றது. உணவு வண்டியின் சக்கரம் மேலே எங்கோ கிறீச்சிட்டது, அல்லது கிறீச்சிட்டதாக அவளுக்குக் கேட்டது.

இதயப் பிரிவின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். உணவு வண்டி நடுவில் நின்றிருந்தது. ஒவ்வொரு கட்டிலின் மேசையிலும் ஒரு கிண்ணம், கிண்ணங்களில் இன்னும் ஆவி. யார் கையிலும் கரண்டி இல்லை. எல்லோரும் நான்காவது கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அவள் மாமனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, விரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். தலைமைச் செவிலி இடுப்பில் கைவைத்து அவர் முன் நின்றாள்.

"பெரியவரே, கடைசியாச் சொல்றேன். நீங்க சாப்பிடலைன்னா போகுது, மத்தவங்களையும் ஏன் தடுக்கறீங்க?"

"நான் எங்கம்மா தடுத்தேன்? தகவல் சொன்னேன். அவ்வளவுதான்." அவர் இளையவளைப் பார்த்துவிட்டார். "அதோ, என் சின்ன மருமக வந்தாச்சு. அவளையே கேளுங்க. பெரியவ போன் பண்ணினா. மாமா, இன்னைக்கு சூப்பக் குடிக்காதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா, ஒரு மனுஷன் எப்படிச் சொல்லாம இருக்க முடியும்?"

"குடிக்காதீங்க!" இளையவளுக்கு மூச்சு வாங்கியது. "யாரும் குடிக்காதீங்க. அதுல அரளி இலை விழுந்திருக்கு. எங்க தோட்டத்து இலை. நான்தான் அனுப்பினேன்."

மாமனாரின் விரல் அப்படியே நின்றது. செவிலி வேறு எதுவும் கேட்கவில்லை. "யாராவது ஒரு வாய் குடிச்சீங்களா? கையத் தூக்குங்க" என்றாள். யாரும் தூக்கவில்லை. உதவியாளர்கள் கிண்ணங்களை எடுக்கத் தொடங்கினார்கள். செவிலி ஒவ்வொரு கிண்ணத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஜன்னலோரக் கட்டிலில் திரை இழுத்திருந்தது. விலக்கினாள்.

உள்ளே ஒரு நடுத்தர வயதுக்காரர், பரிசோதனை முடிந்து சற்றுமுன் கொண்டுவந்து விடப்பட்டவர், காதில் பாட்டுக் கேட்டபடி படுத்திருந்தார். மேசையில் கிண்ணம் காலி. காதிலிருந்த இயர்போனில் ஒன்றை எடுத்தார்.

"நல்லா இருந்துச்சு, சிஸ்டர். இன்னைக்குத்தான் வாசமா இருந்துச்சு."

செவிலி திரும்பி ஓர் உதவியாளரிடம் டாக்டரின் பெயரைச் சொன்னாள். அவன் ஓடினான். அவள் அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னல்காரர் இளையவளைப் பார்த்தார். "என்னாச்சுங்க?" என்றார். அவள் கிட்டே போய் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, காதிலிருந்த இன்னொன்றையும் எடுத்து, இரண்டையும் ஒழுங்காகச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "வீட்டுக்கு போன் பண்ணணும்" என்றார்.

கீழே பானையில் மிஞ்சியிருந்ததை வடிகட்டி, இலைகளை அகலத் தட்டில் பரப்பினார்கள். இளையவள் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூக்கருகே எதையும் கொண்டுபோகவில்லை. பெரும்பாலானவை பிரிஞ்சி. சீப்பு நரம்பு உள்ளவற்றைத் தனியே வைத்தாள். அவை ஐந்து. கரண்டியாரை அதற்குள் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எதற்கு என்று கோபித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"ஏம்மா, வண்டுன்னே சொல்லிட்டுப் போயிருக்கலாமே. உன்ன யார் கேட்டிருப்பா?"

"உங்களுக்கு வாந்தி வந்திருந்தா அப்ப கேட்டிருப்பாங்க."

"வயித்தக் கலக்குதுதான்" என்றார் அவர். "ஆனா அது நீ சொன்னதுனால."

வராந்தாவில் நின்று மூத்தவளுக்கு போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மாமா?"

"குடிக்கல. நீங்க போன் பண்ணினதை ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுட்டார். அதனால வார்டே குடிக்கல. ஒருத்தர் மட்டும் குடிச்சிட்டார்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"நான் உருவினதைச் சொன்னேன். நீங்க மாட்டினதைச் சொல்லல."

மூத்தவள் போனை வைத்துவிட்டாள். பிற்பகல், அலுவலக அறையில் இளையவளை உட்காரவைத்து இரண்டு அதிகாரிகள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, கதவு திறந்தது. மூத்தவள் நின்றாள். பேருந்தில் வந்திருந்தாள். புடவையில் பால் கறை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அந்தக் கட்டைத் தரையிலேர்ந்து எடுத்து மாட்டினது நான்" என்றாள். "அதையும் எழுதிக்கோங்க."

ஜன்னலோரக் கட்டில்காரருக்கு அன்று மாலை வாந்தி வந்தது. நாடித்துடிப்பு இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை பழைய கட்டிலுக்குத் திரும்பினார். அடுத்த வாரம் வீட்டுக்குப் போனார். கரண்டியாரை ஓர் இரவு வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். மாமனார் வியாழக்கிழமை வீடு வந்தார்.

மருத்துவமனை அவர்களிடம் இலை வாங்குவதை நிறுத்தியது. மற்ற வாங்குபவர்களில் இரண்டு பேர் நிறுத்தினார்கள். ஒருவர் நிறுத்தவில்லை. அரளி வேலி மாத இறுதியில் வேரோடு எடுக்கப்பட்டது. வெட்டிய கிளைகளை யாரும் கட்டவில்லை. குப்பை வண்டி வரும்வரை, மேலே ஒரு தார்ப்பாய் போட்டு, அவை சாலையோரத்தில் தரையிலேயே கிடந்தன.